பட்டறை கிரவுண்டில் இருபத்திரண்டு படி

தபிதாவா? இந்த வூடுதான் சார். ஆனா அவ இல்ல, வெளிய போயிருக்கா. வர ஒரு மணி நேரம் ஆவும். நீங்க உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேணாம், என் வண்டிச் சக்கரமே தெருவெல்லாம் சுத்திட்டு உள்ளதான் வருது. உக்காருங்க. அந்த ஸ்டூலு வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

இன்னா சொன்னீங்க, தூத்துக்குடியா? அம்மாந்தூரத்துலேர்ந்தா? உங்க ஊரு கிரவுண்டுலயும் எங்களை மாதிரி ஆளுங்க மேட்ச் பாக்கணும், அதுக்கு இங்க எப்படி செஞ்சாங்கன்னு கேட்டுட்டுப் போவ வந்தீங்களா? அதுக்கு எதுக்கு சார் தபிதா? சரியான ஆளுகிட்டதான் வந்திருக்கீங்க. அந்தப் போராட்டத்தையே நடத்துனவன் நான்தான். ஞானதுரைன்னு பட்டறை கிரவுண்டுல யாரை வேணா கேளுங்க. தபிதா என் வூட்டுக்காரி. அவ அளக்கற டேப்பு புடிச்சா. இல்லன்னு சொல்லல. ஆனா டேப்பு புடிக்கிறது வேற, போராட்டம் வேற.

மொதல்லேர்ந்து சொல்றேன்.

எனக்கு ரெண்டு வயசுல போலியோ. ரெண்டு காலும் போச்சு. ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், அதோ அந்தத் திருப்பத்துல. ஆனா அதெல்லாம் பொழப்பு சார். நான் யாருன்னு கேட்டா, பர்மா காலனி பாய்ஸ் புட்பால் டீமோட ரசிகன். அவ்ளோதான். எங்க டீம் ஆடுற மேட்ச்ல இருபத்தஞ்சு வருஷத்துல நான் போவாதது ரெண்டே ரெண்டு. ஒண்ணு எங்கம்மா செத்த அன்னிக்கு. இன்னொண்ணு கிட்னியில கல்லு வந்து ஆஸ்பத்திரியில படுத்திருந்த அன்னிக்கு.

பட்டறை கிரவுண்டு கேலரிக்கு இருபத்திரண்டு படி. நான் எப்படி ஏறுவேன்? ஏறவே மாட்டேன். ஏத்துவாங்க! மொய்தீன், லாரன்ஸு, இன்னும் ரெண்டு கூட்டாளிங்க. ஒரு பிளாஸ்டிக் சேரு. நான் உக்காந்துக்குவேன், ஆளுக்கு ஒரு கால் புடிச்சுத் தூக்குவானுங்க. என் காலை இல்ல சார், சேர் காலை. நான் மேல போவ போவ ஜனங்க வழி வுடும், கை தட்டும், "துரை வந்துட்டான்டா"ன்னு விசில் அடிக்கும். சப்பரத்துல மாதா போவுமே, அந்த மாதிரி. கீழ எறங்க மனசே வராது. அப்போ வந்து யாராவது "துரை, ரேம்ப் வேணுமா"ன்னு கேட்டிருந்தா, "எனக்கு எதுக்குடா"ன்னு திட்டி அனுப்பியிருப்பேன்.

அப்படியே போயிருக்கும். போன வருஷம் செமி ஃபைனல் அன்னிக்கு மொய்தீன் லேட்டா வந்தான். அதனால நாங்க படி ஏறும்போதே மேட்ச் ஆரம்பிச்சிருச்சு. பதினெட்டாவது படியில இருக்கோம். எங்க ஆளு லெஃப்ட்ல எடுத்துக்கிட்டு ஓடறான், ஒருத்தனைத் தாண்டறான், ரெண்டு பேரைத் தாண்டறான், அடிக்கிறான்... கோல்!

நாலு பேரும் ரெண்டு கையையும் மேல தூக்கிட்டானுங்க சார்.

யோசிச்சுப் பாருங்க. நாலு பேரும். ஒருத்தனாவது ஒரு கையையாவது சேர்ல வச்சிருந்தா நான் தொங்கிட்டாவது இருந்திருப்பேன். மொய்தீனை இன்னிக்கும் கேப்பேன், "ஏன்டா வுட்டே?" "கோல் போட்டா கையைத் தூக்காம இன்னா பண்றது?"ன்னு திருப்பிக் கேக்கறான். நானே கையைத் தூக்கிட்டுதான் விழுந்தேன்.

உருண்டு எங்க விழுந்தேன்னு கேளுங்க. கிரவுண்டு மேனேஜர் மடியில. தணிகாசலம்னு பேரு. படி ஓரமா உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தாரு. டீ அவரு மேல, நான் டீ மேல. அவரு கத்துறாரு, நான் அவரு சட்டையைப் புடிச்சுக்கிட்டு, "சார், கோல் குடுத்துட்டானா? ஆப்சைடுன்னு கேன்சல் பண்ணலயே?"ன்னு கேக்கறேன். அந்தாளுக்குக் கோவம் வந்தது டீயினால இல்ல சார், அந்தக் கேள்வியினாலதான்.

மறுநாளே போர்டு வச்சுட்டாரு. 'ஆட்களைத் தூக்கிக்கொண்டு படியேறக் கூடாது.' பேரு போடல. ஆனா ஊருக்கே தெரியும்.

அப்போ நான் எங்க உக்காரறது? கீழ ஒரு எடம் குடுத்தாரு. கோல் போஸ்டுக்குப் பின்னாடி, பனியன் கம்பெனி விளம்பரப் பலகை ஒண்ணு இருக்குது பாருங்க, அதுக்கும் பின்னாடி. நான் சக்கர நாற்காலியில உக்காந்தா பலகை என் தலைக்கு மேல ஒரு சாண். அதுக்கு முன்பக்கமாவது பனியன் போட்ட ஆளு இருக்கான். பின்பக்கம் ஆணியும் சட்டமும்தான். பந்தை உசரமா அடிச்சா ஒரு செகண்டு தெரியும். ஒரு மாசம் நான் பாத்தது புட்பால் இல்ல சார், மேகமூட்டம்.

அங்கதான் சார் போராட்டம் ஆரம்பிச்சுது. என் போராட்டம்.

மொத வேலை. எங்க கடைக்குப் பக்கத்துல மைக் செட்டுக்காரன். அவன்கிட்ட ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கிக்கிட்டு, பலகைக்குப் பின்னாடி உக்காந்து கமெண்டரி குடுக்க ஆரம்பிச்சேன். எனக்குத்தான் ஒண்ணும் தெரியலயே! அதனால எனக்கு எப்படி வேணுமோ அப்படி குடுத்தேன். எங்க டீம் பாதி டைமுக்குள்ள ஏழு கோல் போட்டுது. கோல் கீப்பரே நடு கிரவுண்டுலேர்ந்து ஒண்ணு போட்டான். காம்பவுண்டுக்கு வெளிய நின்னவனெல்லாம் நம்பிட்டான் சார்! டீக்கடைக்காரன் பட்டாசு வெடிச்சுட்டான். உள்ள ஜீரோ ஜீரோ. தணிகாசலம் ஓடியாந்து மைக்கைப் புடுங்கினாரு. "எதுக்கய்யா பொய் சொல்றே?" "எனக்குத் தெரியற மேட்சைத்தான் சார் சொன்னேன். உங்களுக்குத் தெரியற மேட்ச் வேணும்னா பலகையை எடுங்க."

எப்படி நம்ம பதில்? அப்புறம் இன்னும் ஒரு போர்டு வச்சாரு, ஸ்பீக்கர் கொண்டு வரக் கூடாதுன்னு. பரவால்ல. பயந்துட்டாருன்னு அர்த்தம்.

இந்தப் பக்கம் தபிதா என்ன பண்ணிட்டிருந்தான்னு கேக்கறீங்களா? சொல்றேன். அவளுக்கும் போலியோதான், ஆனா ஒரு கால்தான். காலுக்கு காலிப்பர் கம்பி போட்டு, கக்கத்துல ரெண்டு கட்டை வச்சு நடப்பா. டெய்லர். பிளவுஸ் தைப்பா. நான் கீழ விழுந்த வாரத்துலேர்ந்து சனிக்கெழமையானா கழுத்துல இஞ்ச் டேப்பைப் போட்டுக்கிட்டு கிரவுண்டுக்குக் கெளம்பிடுவா. மேட்ச் இல்லாத நாள்ல சார்! "மேட்ச் இல்லாத கிரவுண்டுல இன்னாடி இருக்குது?"ன்னு கேட்டா, "படி இருக்குது"ம்பா.

மேனேஜர் மொதல்ல அவளைப் பாத்து மொறைச்சாராம். இவ கதவுகிட்ட போயி, டேப்பு ஒரு முனையை நீட்டி, "சார், இதைக் கொஞ்சம் புடிங்க"ன்னாளாம். "எதுக்கும்மா?" "எனக்கு ரெண்டு கையும் கட்டையில இருக்கு சார். அந்தப் பக்கம் புடிக்க ஆளில்ல." புடிச்சிருக்காரு. புடிக்காம இன்னா பண்ணுவாரு? கதவு, கக்கூசு, படி உசரம், கேலரி அகலம். மூணாவது சனிக்கெழமை அவரே ஸ்டோர்லேர்ந்து இரும்பு டேப்பு ஒண்ணு எடுத்துட்டு வந்து, "அம்மா, இஞ்ச் டேப்பு தொய்யுது, இதுல அளக்கலாம்"னாராம். நாலாவது வாரம் இவ போவறதுக்கு முன்னாடியே கக்கூசுக் கதவை அளந்து எழுதி வச்சிருக்காரு. "இருபத்துமூணு இஞ்ச்தாம்மா வருது. வண்டி எப்படி போவும்?"னு இவகிட்டயே கேக்கறாரு.

ஏன் அப்படி மாறினாருன்னு நெனைக்கிறீங்க? ஸ்பீக்கர் சார். ஸ்பீக்கரு குடுத்த பயம்.

அளவு மட்டும் இல்ல, ஒரு நோட்டு போட்டா. அதுல பேரா எழுதினா. யாரு பேரு? முன்னாடி மேட்சுக்கு வந்துட்டு இப்போ வராம போன ஆளுங்க பேரு. லாரி ஏறி கால் போனவரு ஒருத்தரு, மூட்டு தேஞ்ச பழைய பிளேயருங்க, நடக்க முடியாத மகனைத் தூக்கிட்டு வந்து, அவன் வளந்துட்டதால நிறுத்திட்ட ஒரு அம்மா. நம்ம பழைய கூட்டாளி வரதன் பேரும் இருந்துது. வரதனுக்குக் கண்ணு சர்க்கரையில போயிடுச்சு. நாப்பத்துமூணு பேரு சார். வூடு வூடா போயி எழுதினா. அத்தனை பேரும் ஒரு காலத்துல என் பக்கத்துல உக்காந்து கத்தினவங்கதான். எப்போ வர்றதை நிறுத்துனாங்கன்னு எனக்கே ஞாபகம் இல்ல. நான் மேட்ச் பாக்கப் போறவன் சார், ஆஜர் எடுக்கவா போறேன்?

நோட்டுல கடைசியா கக்கூசுன்னு பெருசா எழுதி ரெண்டு கோடு போட்டிருந்தா. நான் சிரிச்சுட்டேன். "இதெல்லாம் எதுக்குடி? காலையிலேர்ந்து தண்ணி குடிக்காம போனா ஆச்சு. இருபத்தஞ்சு வருஷமா நான் அப்படித்தானே போறேன்?"

"உனக்குக் கல்லு எதனால வந்துது?"

"தக்காளியால."

அவ இன்னும் ஒரு கோடு போட்டா.

அடுத்தது சார், பெரிய நாள். கிரவுண்டு ஒரு டிரஸ்டோடது. அந்த டிரஸ்டுக்காரங்க வருஷத்துக்கு ஒரு தடவை கிரவுண்டு ஆபீஸ்லயே மீட்டிங் போடுவாங்க. அன்னிக்கு தபிதா பேசறதுக்கு மேனேஜரே பத்து நிமிஷம் வாங்கிக் குடுத்திருந்தாரு. எங்கிட்ட சொன்னா, "நீயும் வா. வந்து அமைதியா உக்காரு." அமைதியாவா? நானா? போராட்டம்னா சத்தம் வேணும் சார்.

நான் இன்னா பண்ணேன்? சைடு வீல் ஸ்கூட்டர் வச்சிருக்கறவங்க பதினோரு பேரைத் திரட்டினேன். ஒரு டீம்! டிரஸ்டுக்காரங்க காரு வர்ற கேட்டுல வரிசையா வுட்டோம். பதினோரு வண்டியும் ஒரே நேரத்துல ரிப்பேரு. எது வேலை செய்யலைன்னாலும் ஆரன் மட்டும் நல்லா வேலை செஞ்சுது. டிரஸ்டு தலைவரு ஒருத்தரு காரை ரோட்லயே வுட்டுட்டு சாக்கடையைத் தாண்டிக் குதிச்சு வந்தாரு. வேட்டி ஓரமெல்லாம் கறுப்பு. "இப்போ தெரியுதா சார், வாசல் அடைச்சிருந்தா எப்படி இருக்கும்னு?"ன்னு ஒரு கேள்வி கேட்டேன் பாருங்க. மொய்தீன் அழுதுட்டான், சிரிச்சு சிரிச்சு.

அரை மணி நேரம் நிறுத்தாம அடிச்சோம். அப்போ தணிகாசலம் வேர்த்து வழிய ஓடியாந்து கையெடுத்துக் கும்புட்டாரு சார். "ஞானதுரை, உன் கால்ல விழறேன், அந்த ஆரனை நிறுத்துய்யா. உங்க வூட்டம்மா பேசறது உள்ள ஒருத்தருக்கும் கேக்கல!"

கும்புட்டாரு! மேனேஜரே! நாங்க ஜெயிச்சுட்டோம்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. நிறுத்துனோம்.

உள்ள இன்னா நடந்துதுன்னு அப்புறம் மேனேஜர்தான் சொன்னாரு. சாக்கடை தாண்டி வந்த தலைவரு செம கடுப்புல இருந்தாராம். "இந்த மாதிரி ஆளுங்க யாரும்மா மேட்சுக்கு வர்றாங்க? நான் பாத்ததே இல்லயே. வராத ஆளுக்கு எதுக்குக் கட்டணும்?"னு கேட்டாராம். தபிதா நோட்டைப் பிரிச்சு அவரு முன்னாடி வச்சு, "அவங்க வரலைன்னு சொல்லத்தான் சார் நான் வந்திருக்கேன்"னு சொன்னாளாம். அப்புறம் நாப்பத்துமூணு பேரையும் ஒண்ணொண்ணா படிச்சாளாம். பேரு, எந்த வருஷம் வரை வந்தாங்க, எதனால நின்னாங்க. அவரு காலத்துப் பழைய சென்டர் ஃபார்வர்டு ஒருத்தரு பேரு வந்ததும், "அவரு உயிரோட இருக்காரா?"ன்னு கேட்டாராம். "நாலு தெரு தள்ளி இருக்காரு சார். முட்டி முடியல. மேட்ச் நாள்ல ஜன்னலைத் தொறந்து வச்சுக்குவாரு." அதுக்கப்புறம் கட்டலாம்னு எழுதிட்டாங்க.

பாத்தீங்களா சார், ஆரனோட மகிமை.

கட்ட ஆரம்பிச்சாங்க. ரேம்ப் மொதல்ல வந்துது. அன்னிக்குப் பாத்து தபிதா ஒரு கல்யாண வூட்டுக்குப் பிளவுஸ் தைச்சுக் குடுக்கப் போயிட்டா. நான் சும்மா இருப்பேனா? தலைவரு யாரும் வந்து ரிப்பன் வெட்டறதுக்கு முன்னாடி நாமளே தொறந்துடணும்னு ஒரு மாலையை வாங்கி நானே போட்டுக்கிட்டேன். லாரன்ஸு தேங்கா ஒடச்சான். நாற்காலியைத் தள்ளிக்கிட்டு ஏறுறேன், ஏறுறேன், பாதி வரைக்கும் ஏறிட்டேன். அப்புறம் என்னைக் கேக்காமலே வண்டி பின்னாடி போச்சு. மாலையோட போயி மணல் குவியல்ல சொருகிட்டேன்.

சாயந்தரம் தபிதா வந்து பாத்தா. கான்ட்ராக்டரைக் கூப்டா. "ஒரு அடி உசரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம்னு எழுதிக் குடுத்தேன். இது ஆறு அடிகூட இல்ல. ஏறுறதுக்கா கட்டுனீங்க, சறுக்குறதுக்கா?" ஒடச்சுட்டு மறுபடி கட்டச் சொல்லிட்டா. அந்தாளு மொணங்கினான். மேனேஜர் இரும்பு டேப்பை எடுத்துக்கிட்டு வந்து பக்கத்துல நின்னாரு, மொணகலு நின்னுபோச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன் சார், எழுதி வச்சுக்குங்க. நான் விழலைன்னா அது தப்புன்னு யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

இப்போ போயிப் பாருங்க. நீளமா வளைஞ்சு போவுது ரேம்ப், ஓரத்துல புடிச்சுக்கக் கம்பி. கேலரி நடுவுல எங்களுக்கு ஒரு மேடை. முன்வரிசை ஆளுங்க எழுந்து நின்னாலும் நமக்கு மறைக்காது, அந்த உசரம். தபிதா மேனேஜரை முன்வரிசையில எழுந்து நிக்க வச்சு அளந்தா. ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்துல கூட வர்ற ஆளுக்கு ஒரு சீட்டு. கக்கூசு கதவு வெளிப்பக்கமா தொறக்கும். வரதன் மாதிரி கண்ணு தெரியாதவங்களுக்கு காதுல மாட்டிக்கிறதுக்கு ஒரு கருவி. அதுல கமெண்டரி குடுக்கறது யாரு? நான்தான்! தபிதாதான் மேனேஜர்கிட்ட சொன்னாளாம், அந்த வாயை சும்மா வுட்டாதான் ஆபத்துன்னு. ஆனா வரதனை ஏமாத்த முடியல சார். நான் ஒரு கோல் சேத்துச் சொன்னா, "துரை, கோல்னா ஜனம் இவ்ளோதான் கத்துமா?"ன்னு கேட்டுடறான்.

மொத மேட்ச் நாள் சொல்லணும். ஞாயித்துக்கெழமை, சாயந்தரம் நாலு மணி. நாப்பத்துமூணுல முப்பத்தொம்பது பேரு வந்துட்டாங்க. அந்த சென்டர் ஃபார்வர்டு வாக்கர் வச்சுக்கிட்டு ரேம்ப்ல ஏறி வந்தாரு. ஜனம் கை தட்டுச்சு. என்னைத் தூக்கிட்டுப் போறப்போ தட்டின மாதிரிதான். கொஞ்சம் பொறாமையா இருந்துது, மறைக்காம சொல்றேன்.

என் பக்கத்து சீட்டுல தபிதா. கட்டையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. கல்யாணம் ஆயி இருபத்தோரு வருஷத்துல அவ மேட்சுக்கு உள்ள வந்ததே அன்னிக்குத்தான். என்கூட கேட்டு வரைக்கும் வருவா, நான் சேர்ல ஏறிப் போயிடுவேன். நம்ம கூட்டாளிங்க அவளையும் தூக்கத் தயார்தான். ஆம்பளைங்க தூக்கி ஊரு பாக்கப் போறது அவளுக்குப் புடிக்கல. புட்பால் மேல ஆசை இல்லன்னுதான் நான் நெனச்சேன்.

ரெண்டாவது பாதியில எதிர் டீம்காரன் ஒரு பந்தை உள்ள தள்ளிட்டான். ஜனமெல்லாம் தலையில கையை வச்சுக்கிச்சு. நான் மைக்ல, "போச்சு வரதா, கோல்"ங்கறேன். இவ என் கையைத் தட்டி, "ஆப்சைடு"ன்றா. சொல்லி முடிக்கல, லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிட்டான் சார்!

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"சத்தம் கேட்டுக் கேட்டுத்தான். வெளிய பஸ் ஸ்டாப்புலதானே உக்காந்திருப்பேன். கோல்னா சத்தம் வந்து அப்படியே நிக்கும். ஆப்சைடுன்னா ஏறி, டக்குனு அறுந்துடும். எதுனால அறுந்துதுன்னு பக்கத்துல பஸ்ஸுக்கு நிக்கிறவங்களைக் கேப்பேன், எவன் எங்க நின்னா ஆப்சைடுன்னு சொல்லுவாங்க. இப்பதான் கண்ணால பாக்கறேன்."

இருபத்தோரு வருஷம் அவ எங்க உக்காந்திருந்தான்னு நான் கேட்டதில்ல சார். தையல் வேலையா வூட்டுக்குப் போயிட்டு வருவான்னு நெனச்சேன். வரதன் காதுல மாட்டின கருவியைத் தட்டறான், "துரை, ஏன் பேச்சு நின்னுபோச்சு? மைக் ரிப்பேரா?"ன்றான். ஆமா, ரிப்பேருன்னேன்.

தோத்துட்டோம் அன்னிக்கு. ஒண்ணுக்கு ரெண்டு. ஜனமெல்லாம் கலைஞ்சுது. போலாமான்னு கேட்டேன். "இரு, எல்லாரும் எறங்கட்டும்"னா. எல்லாரும் எறங்கினாங்க. தணிகாசலம்கூட லைட்டைப் போட்டுட்டுக் கீழ போயிட்டாரு. இவ எழுந்துக்கவே இல்ல. காலி கிரவுண்டையே பாத்துக்கிட்டிருக்கா.

"இன்னாடி பாக்கறே?"

"இவ்ளோ பச்சையா இருக்கும்னு தெரியாது."

"நான் சொன்னதே இல்லயா?"

"நீ கோல் மட்டும்தான் சொல்லுவ."

நீங்களே சொல்லுங்க சார். மேட்ச் பாத்துட்டு வர்றவன் வூட்டுக்கு வந்து புல்லைப் பத்தியா பேசுவான்?